விமான ஸ்பேரிலும் டூப்ளிகேட்! சர்க்கார் வாங்குவது போல்ட்டா, காகிதமா?

மதுரை:

லாரிக்கு டூப்ளிகேட் ஸ்பேர் போட்டால் வண்டி நடுவழியில் நிற்கும். டிரைவர் ஓரங்கட்டி விட்டு மெக்கானிக்கைத் தேடிப் போவார். விமானத்துக்குப் போட்டால்? வானத்தில் ஓரங்கட்ட இடம் கிடையாது!

மதுரை பெருங்குடிப் பக்கம் தினமும் தலைக்கு மேல் தாழப் பறந்து வந்து இறங்குகின்றன பயணிகள் விமானங்கள். தஞ்சாவூரில் சுகோய் போர் விமானங்களின் தளம் இருக்கிறது. ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் "ஐ.என்.எஸ். பருந்து" என்ற கடற்படை விமான தளம் 2009-ம் ஆண்டு முதல் இயங்குகிறது. விமானம் எதுவாக இருந்தாலும், தேய்ந்த பாகத்தைக் கழற்றி எறிந்து விட்டுப் புதிது மாட்டியே தீர வேண்டும்.

அந்தப் புதிய பாகம் எங்கிருந்து வருகிறது? யார் விற்கிறார்கள்? அது அசல்தான் என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?

வரிப் பணமும் மனித உயிரும் சேர்ந்து தொங்குகிற இந்த வியாபாரம் பற்றிய விவரம் வருமாறு:-

55 பேரைப் பலி வாங்கிய போல்ட்டு

1989-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி. நார்வே நாட்டுத் தலைநகர் ஆஸ்லோவில் இருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு "கான்வேர் 580" ரக விமானம் ஒன்று புறப்பட்டது. கப்பல் கம்பெனி ஊழியர்கள், புதுக் கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழாவுக்குக் குஷியாகப் போய்க் கொண்டிருந்தார்கள். 50 பயணிகள், 5 சிப்பந்திகள்.

டென்மார்க் கரைக்கு அப்பால் நடுவானில் வால் பகுதி குலுங்கிப் பிய்ந்தது. விமானம் கடலில் விழுந்தது. 55 பேரில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

வெடிகுண்டாக இருக்குமோ என்று முதலில் சந்தேகம் கிளம்பியது. கடலுக்கு அடியில் இருந்து உடைசல்களை எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளும் அவற்றின் உறைகளும் போலி என்று தெரிய வந்தது! பார்வைக்கு அசல் மாதிரியே இருந்த அவை, தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்கும் உருக்கு அல்ல.

போல்ட்டுக்கு வாய் கிடையாது. "நான் டூப்ளிகேட்" என்று அது சொல்லாது. கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. இதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து.

ராணி சந்திராவைக் கொண்டு போன விரிசல்

நம் நாட்டு விபத்து ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இதில் போலிச் சரக்கு இல்லை. ஆனால் பாகம் ஒன்று களைத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

1976-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. அரசுக்குச் சொந்தமான இந்தியன் ஏர்லைன்ஸின் "காரவெல்" விமானம் பம்பாயில் இருந்து சென்னைக்குக் கிளம்பியது. கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு என்ஜின் வெடித்துச் சிதறியது. விமானி வண்டியைத் திருப்பி, மறுபடியும் இறங்கப் பார்த்தார். தீ விடவில்லை. ஓடுபாதையை எட்டும் முன்பே விமானம் விழுந்தது. 95 பேரும் மாண்டார்கள்.

"பத்ரகாளி" படத்தில் நடித்துக் கொண்டிருந்த நடிகை ராணி சந்திராவும், அவருடைய தாயாரும், 3 தங்கைகளும் அந்த விமானத்தில்தான் இருந்தார்கள். மீதிக் காட்சிகளை வேறொரு பெண்ணை வைத்து எடுத்து, படம் அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்ததை மூத்த ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காரணம் என்ன? என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் தட்டு ஒன்றில் விழுந்திருந்த விரிசல். தட்டு உடைந்து சிதறியதில் எண்ணெய்க் குழாய் அறுந்தது. தீ பிடித்தது. அவ்வளவுதான்!

ஸ்பேருக்கும் உண்டு ஜாதகம்

இதனால்தான் விமானத்தின் முக்கியமான பாகங்களுக்கு ஆயுள் குறித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை மணி நேரம் ஓடலாம், இத்தனை தடவை ஏறி இறங்கலாம் என்று கணக்கு. கணக்கு முடிந்தால், பாகம் பளபளவென்று இருந்தாலும் கழற்றி எறிய வேண்டியதுதான்.

அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கும் காகிதம்தான் பாகத்தின் ஜாதகம். எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்த உருக்கில் வார்த்தது, எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் பழுது பார்த்தது, யார் கையெழுத்துப் போட்டது என்று பிறந்த நாளில் இருந்து இன்று வரை விடாமல் சரித்திரம் இருக்க வேண்டும்.

நடுவில் ஒரு பக்கம் காணவில்லையா? பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள தட்டாக இருந்தாலும் அதைப் பறக்க விட மாட்டார்கள். காயலான் கடைச் சரக்குதான்!

பயணிகள் விமானங்களுக்கு இந்தச் சான்றிதழ் விவகாரத்தைக் கவனிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ராணுவ விமானங்களுக்கு வேறு ஏற்பாடு. பெங்களூரில் உள்ள "செமிலாக்" என்ற அமைப்பு, பாகத்தின் வடிவமும் தரமும் பறப்பதற்குத் தகுதியானதா என்று ஒப்புதல் கொடுக்கும். விமானத் தர உறுதி இயக்குநரகத்தின் இன்ஸ்பெக்டர்கள் சரக்கைச் சோதித்து முத்திரை போடுவார்கள்.

ஆக, விமான ஸ்பேர் வாங்குகிறவர் கொடுக்கும் காசு இரும்புக்கு மட்டும் அல்ல. அதன் கூட வரும் காகிதத்துக்கும் சேர்த்துத்தான். மோசடிப் பேர்வழிகள் கை வைப்பதும் இந்தக் காகிதத்தில்தான்.

லண்டன் கம்பெனியின் கள்ளக் காகிதம்

2023-ம் ஆண்டு உலகமே திடுக்கிட்ட சங்கதி இது. லண்டனைச் சேர்ந்த "ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ்" என்ற கம்பெனி, ஏர்பஸ் ஏ-320, போயிங் 737 ரக விமானங்களில் ஓடும் "சி.எஃப்.எம். 56" என்ஜினுக்கு ஸ்பேர் சப்ளை செய்து வந்தது.

போர்ச்சுகல் நாட்டு விமானக் கம்பெனியின் பட்டறை. அங்கே ஒரு நாள் வந்த பாகத்தைப் பார்த்த தொழிலாளர்களுக்குச் சந்தேகம் தட்டியது. காகிதத்தில் "புதுசு" என்று எழுதியிருக்கிறது. சாமானைப் பார்த்தால் பழசு மாதிரி இருக்கிறதே!

உடனே என்ஜின் தயாரிப்பாளர்களில் ஒருவரான பிரான்சின் "சாஃப்ரான்" கம்பெனிக்கு அந்தச் சான்றிதழை அனுப்பி, "இது உங்கள் காகிதம்தானா?" என்று கேட்டார்கள். "எங்களுடையது அல்ல, போலி" என்று பதில் வந்தது.

அப்புறம் தோண்டத் தோண்டப் பூதம் கிளம்பியது. 2023 அக்டோபர் வாக்கில் 126 என்ஜின்களில் அந்தக் கம்பெனியின் சரக்கு ஏறியிருப்பதாகக் கணக்கு வந்தது. அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகளே என்ஜினைப் பிரித்துப் பாகத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனி தன் அதிகாரிகள் என்று காட்டிய சில படங்கள் கூட, விளம்பரத்துக்காகக் காசுக்கு விற்கப்படும் யாரோ ஒருவரின் படங்கள் என்று செய்தி வெளியானது. 2023 டிசம்பரில் பிரிட்டனின் பெருமோசடித் தடுப்பு அலுவலகம் விசாரணையில் இறங்கி, ஒருவரைக் கைது செய்தது.

இவ்வளவையும் வெளியே கொண்டு வந்தது துப்பறியும் இலாகா அல்ல. பட்டறையில் நின்றவர்களின் சந்தேகமும், அவர்கள் கேட்ட ஒரே ஒரு கேள்வியும்தான்.

கை மாறிக் கை மாறி வந்த சில்லு

தனியார் கம்பெனிகள்தான் ஏமாறும், சர்க்கார் ஏமாறாது என்று நினைத்தால் தப்பு.

அமெரிக்கக் கடற்படைக்காக போயிங் கம்பெனி தயாரித்தது "பி-8 ஏ" ரோந்து விமானம். இறக்கையில் பனிக்கட்டி படிகிறதா என்று விமானிக்குச் சொல்லும் கருவி அதில் உண்டு. சோதனையின்போது அந்தக் கருவி வேலை செய்யவில்லை. பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த எலெக்ட்ரானிக் சில்லு குழியை விட்டுக் கழன்று பெட்டிக்குள் உருண்டு கொண்டிருந்தது!

விசாரித்ததில் அது பழைய சில்லு. மேலே தேய்த்து மெருகேற்றிப் புதிது போல விற்றிருக்கிறார்கள். பல வியாபாரிகளின் கை மாறி வந்த அதன் மூலம், சீனாவின் ஷென்சென் நகரில் போய் நின்றது. பெரிய கம்பெனிக்குச் சின்னக் கம்பெனி, அதற்கு ஒரு வியாபாரி, அவருக்கு இன்னொரு வியாபாரி என்று சங்கிலி நீண்டதில் கடைசி ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்க செனட் சபையின் ராணுவக் கமிட்டி இதைக் கையில் எடுத்தது. 2009, 2010 ஆகிய 2 ஆண்டுகளில் மட்டும் 1,800 சம்பவங்கள், 10 லட்சத்துக்கும் அதிகமான சந்தேகப் பாகங்கள் என்று 2012 மே மாதம் அறிக்கை கொடுத்தது. "போலிச் சரக்கு வந்தால் அதை மாற்றும் செலவு கான்டிராக்டர் தலையில்" என்று அந்த நாட்டில் சட்டமும் வந்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த "பி-8 ஐ" விமானங்களை இந்தியக் கடற்படையும் வாங்கியது. முதல் விமானம் 2013 மே மாதம் நம் அரக்கோணத்தில் வந்து இறங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. நம் விமானங்களில் அப்படி நடந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் சங்கிலி நீளமானது என்பது எல்லா நாட்டுக்கும் பொது.

டெண்டரும் இரண்டு உறையும்

சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கிற குமாஸ்தாக்களுக்கு "எல்-1" என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. யார் குறைந்த விலை போட்டாரோ அவருக்கே ஆர்டர். நாற்காலி, பேப்பர், மின் விசிறி வாங்க அது சரி. விமான ஸ்பேருக்கு அது மட்டும் போதாது.

அதனால்தான் இரண்டு உறை முறை இருக்கிறது. ஒரு உறையில் சரக்கின் தரம், சான்றிதழ், அனுபவம். இன்னொரு உறையில் விலை. முதல் உறையில் தேறினால்தான் இரண்டாவது உறையைப் பிரிப்பார்கள். தரத்தில் தேறாதவர் ஒரு ரூபாய்க்குத் தருகிறேன் என்றாலும் ஆர்டர் கிடையாது.

முதல் உறையைச் சும்மா ஒரு சடங்காகப் பிரித்து மூடினால் என்ன ஆகும்? "அண்ணே, பாக்க ஒரே மாதிரிதாண்ணே இருக்கும், விலை மட்டும் கம்மி" என்று கடைக்காரப் பையன் லாரிக்காரரிடம் சொல்கிறானே, அந்தச் சரக்குத்தான் விமானத்துக்கும் வந்து சேரும்.

46 டாலர் பின், 4,361 டாலர்!

சரி, தயாரித்த கம்பெனியிடமே நேரடியாக வாங்கி விட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை. உயிர் தப்பும், கஜானா காலியாகும்!

பல ஸ்பேர்களை ஒரே ஒரு கம்பெனிதான் தயாரிக்கும். சான்றிதழும் அதற்கு மட்டுமே. நம் நாட்டின் 2017-ம் ஆண்டு பொது நிதி விதிகளில் இதற்கு வழி சொல்லி இருக்கிறார்கள். "இந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாரும் இதைத் தயாரிப்பதில்லை" என்று இலாகா எழுத்து மூலம் சான்று கொடுத்து, அந்த ஒருவரிடம் மட்டும் விலை கேட்டு வாங்கலாம்.

போட்டி இல்லாத சந்தையில் வியாபாரி வைத்ததுதான் விலை. அமெரிக்காவில் "டிரான்ஸ்டைம்" என்ற கம்பெனி விற்ற 47 ஸ்பேர்களின் கணக்கை ராணுவ இலாகாவின் தணிக்கையாளர்கள் 2019-ல் அலசினார்கள். 46-ல் அளவுக்கு மீறிய லாபம்! 46 டாலர் பெறக்கூடிய அரை அங்குல உலோகப் பின் ஒன்றுக்கு வாங்கிய விலை 4,361 டாலர். ஒரு கோடியே 61 லட்சம் டாலர் கூடுதல் லாபம் என்று கணக்கிட்டார்கள். விவகாரம் பார்லிமெண்ட் கமிட்டி வரை போய் நாறிய பிறகு, கம்பெனி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

விலை ரொம்பக் குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ரொம்ப ஏறினாலும் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

நடுவில் புகுந்த கமிஷன்

நம் நாட்டு விவகாரம் ஒன்று. பொதுத்துறைக் கம்பெனிகளான எச்.ஏ.எல்., ஓ.என்.ஜி.சி., கெயில் ஆகியவற்றுக்கு என்ஜினும் ஸ்பேரும் விற்றதில், இடைத்தரகர் ஒருவருக்கு 77 கோடி ரூபாய்க்கு மேல் கமிஷன் கொடுத்ததாகப் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி மீது சி.பி.ஐ. 2019 ஜூலையில் வழக்குப் பதிவு செய்தது. தரகர் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தும் இது நடந்தது என்பது குற்றச்சாட்டு.

தரகருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் ஸ்பேரின் விலையில் ஏறித்தான் தீரும். அந்த விலையைக் கொடுப்பவர், சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிற நம் ஊர்க்காரர்தான்.

சரக்கு வராவிட்டால் விமானம் திண்ணையில்

"சரி, எதற்கு வம்பு? எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து நிதானமாகச் சோதிக்கலாமே?" என்று கேட்கலாம். அதிலும் சிக்கல் இருக்கிறது.

ஒரு பாகம் வரவில்லை என்றால், பல கோடி ரூபாய் விமானம் கொட்டகையில் தூங்கும். விமானப்படையின் சுகோய்-30 விமானங்களில் 75 சதவீதம் எந்நேரமும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. 55 முதல் 60 சதவீதம்தான் இருந்தது என்று 2015-ல் வெளியான தணிக்கை அறிக்கை குட்டியது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் புதுப் படைப்பிரிவாக வந்து சேர்ந்தது இதே ரகம்தான்.

தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானத்தின் கதை இன்னொன்று. அதற்காக 99 என்ஜின்களுக்கு அமெரிக்காவின் ஜி.இ. கம்பெனியிடம் 2021-ல் ஆர்டர் போட்டது எச்.ஏ.எல். முதல் என்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில்! என்ஜினுக்காக விமானம் காத்துக் கிடந்தது.

இப்படி அவசரம் முற்றும்போதுதான் "என்கிட்டே ஸ்டாக் இருக்கு சார், நாளைக்கே தர்றேன்" என்று வியாபாரி வந்து நிற்பான். லண்டன் கம்பெனி தனக்கு வைத்துக்கொண்ட பெயரே அதற்கு அத்தாட்சி. "ஏ.ஓ.ஜி." என்றால், ஸ்பேர் இல்லாமல் தரையில் நிற்கிற விமானம் என்று அந்தத் தொழிலில் அர்த்தம்.

கப்பலூருக்கு வாய்ப்பு உண்டா?

வெளிநாட்டுக்காரனை நம்பி இருப்பானேன், இங்கேயே செய்து கொள்வோம் என்று மத்திய அரசு முயற்சியில் இறங்கியது. வெளியில் இருந்து வாங்கும் ஸ்பேர்களின் பட்டியலை "ஸ்ருஜன்" என்ற இணையப் பலகையில் 2020 ஆகஸ்டு முதல் போட்டு, "யார் செய்து தருகிறீர்கள்?" என்று கேட்கிறது.

தமிழ்நாட்டு ராணுவத் தொழில் தடத்தைத் திருச்சியில் 2019 ஜனவரி 20-ந் தேதி தொடங்கி வைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய 5 ஊர்களின் பெயர் அதில் இருக்கிறது. மதுரையின் பெயர் இல்லை! சூலூரில் விமானப்படைப் பட்டறையைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் கோவைக்காரர்களுக்கு அது ஒரு வசதி.

மதுரைக்கு இரும்பு வேலை புதிதல்ல. பஸ், லாரி ஸ்பேர் வியாபாரத்தில் மேல வெளி வீதி டி.வி.எஸ். கட்டிடத்தின் பெயர் நாடறிந்தது. கப்பலூரிலும் கே.புதூரிலும் தொழிற்பேட்டை இருக்கிறது.

ஆனால் கையில் திறமை இருந்தால் மட்டும் விமான போல்ட்டு செய்து விட முடியாது. உருக்கு எந்த ஆலையில் இருந்து வந்தது என்று சான்று வேண்டும். சூடேற்றிப் பதம் பார்த்த உலையின் கணக்கு வேண்டும். அளவு பார்க்கும் கருவிக்கே அளவு சரி பார்த்த சான்று வேண்டும். முதல் உருப்படியை ஒவ்வொரு அளவாகச் சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வரும் வரை ஆர்டரும் இல்லை, காசும் இல்லை. அந்த நாட்களுக்குச் சிறு பட்டறைக்காரர் சம்பளம் போடுவது எப்படி? சர்க்கார் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

கடைசிக் காவல்காரர் குமாஸ்தா!

இத்தனை சட்டம், இத்தனை இலாகா, இத்தனை முத்திரை இருந்தும் கடைசியில் சரக்கு வந்து இறங்குவது ஒரு ஸ்டோர் ரூமில். பெட்டியைப் பிரித்து, காகிதத்தையும் சாமானையும் ஒத்துப் பார்த்து, ரிஜிஸ்டரில் வரவு வைப்பவர் ஒரு ஸ்டோர் கீப்பர், ஒரு குமாஸ்தா, ஒரு மெக்கானிக்.

அவர் பார்க்க வேண்டியவை சிலதான். சாமானில் குத்தியிருக்கும் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? புதுசு என்று எழுதி இருந்தால் புதுசாக இருக்கிறதா? நடுவில் எத்தனை கை மாறி இருக்கிறது? கையெழுத்துப் போட்டதாகச் சொல்லும் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாயிற்றா?

"ஏன் சார் லேட் பண்றீங்க, விமானம் நிக்குது" என்று மேலே இருந்து போன் வரும். "எல்லாம் சரியாத்தான் இருக்கும், வரவு வைங்க" என்று சப்ளையர் சிரிப்பார். கேள்வி கேட்கும் குமாஸ்தாவுக்கு "வில்லங்கம் பிடிச்ச ஆள்" என்று பட்டம் கிடைக்கும்.

அந்த வில்லங்கம் பிடித்த ஆளுக்குத் துணையாக இலாகா நிற்க வேண்டும். சந்தேகத்தை எழுதி வைத்தவரை இடம் மாற்றாமல், அவர் எழுதியதை விசாரிக்க வேண்டும். வியாபாரி வைத்திருக்கும் சான்றிதழை அவர் கையில் இருந்தே வாங்கிச் சரி பார்க்காமல், தயாரித்த கம்பெனியிடம் நேரடியாகக் கேட்கும் பழக்கம் எல்லா ஸ்டோரிலும் வர வேண்டும்.

போர்ச்சுகல் பட்டறைக்காரர்கள் செய்தது அதைத்தான். நார்வே விமானத்துக்கு போல்ட்டு வாங்கிய இடத்தில் அப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போய் விட்டது.